மூன்று கதவுகள்

ராத்திரி 11 மணி. இடம், அமெரிக்காவில் நியூ ஜெர்சி. மகள் வீட்டுக்குப் போயிருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு நீண்டகாலப் பழக்கம். வயது 66. பாங்க் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை உண்டு. பிரஷர் உண்டு. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நாலு உருளைக்கிழங்கு போண்டாவும் உண்டு.

'ஒண்ணுமில்ல தாயி. வாயுதான். ஒரு ஜெலுசில் குடு, சரியாப் போயிரும்.'

மகளுக்கு மனசு கேட்கவில்லை. அப்பாவுக்கு நெற்றியில் லேசாக வேர்த்திருக்கிறது. ஆனால் எங்கே கூட்டிக்கொண்டு போவது? அங்கேதான் சிக்கல்.

அவளுக்குத் தெரிந்து மூன்று கதவுகள். ஒன்று, குடும்ப டாக்டர். அமெரிக்காவில் பிரைமரி கேர் டாக்டர் என்பார்கள். போன் போட்டால் பதிவு செய்த குரல் பேசுகிறது: இது அவசரம் என்றால் போனை வைத்துவிட்டு 911ஐக் கூப்பிடுங்கள். இரண்டாவது, கடைத்தெருவில் இருக்கும் அர்ஜென்ட் கேர். அது 8 மணிக்கே சாத்தியாகிவிட்டது. மூன்றாவது, பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி ரூம். 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் உள்ளே காலை வைத்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

அண்ணாச்சி கணக்குப் பார்க்கிற மனுஷர். 'ஒரு ஏப்பம் வந்தா சரியாப் போற விஷயத்துக்கு மாப்பிள்ளை காச ஏன் கரியாக்கணும்?' என்கிறார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

யோசித்துக்கொண்டே இருங்கள். அண்ணாச்சிக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் அந்த மூன்று கதவுகளும் எப்படி முளைத்தன என்று பார்த்துவிடலாம். நான் காமர்ஸ் படித்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் பாதி மருத்துவம், பாதி பற்று வரவு. அதனால் தைரியமாக இறங்குகிறேன்.

*

கதை ஆரம்பிப்பது ஆஸ்பத்திரியில் இல்லை. போர்க்களத்தில்.

1792. ஃபிரெஞ்சுப் புரட்சி நடந்து, அக்கம்பக்கத்து ராஜாக்களோடு ஃபிரான்ஸ் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். ரைன் நதிப் பக்கம் போன படையில் டொமினிக் ழான் லாரே என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். அங்கே ஒரு வழக்கம் அவருக்கு உறுத்தியது. மருத்துவ வண்டிகள் போர்க்களத்துக்கு ரொம்பத் தள்ளி நிற்கும். சண்டை முழுக்க முடிந்த பிறகுதான் வந்து அடிபட்டவர்களைப் பொறுக்கிக்கொண்டு போகும். அதற்குள் பாதிப் பேர் ரத்தம் போய் இறந்திருப்பார்கள்.

பீரங்கி வண்டிகள் மட்டும் குதிரை பூட்டிக்கொண்டு பறக்கின்றனவே, மருத்துவ வண்டி ஏன் பறக்கக்கூடாது? லாரே கேட்டார். கேட்டதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். சின்னச் சக்கரவண்டி, வேகமான குதிரை, கூடவே ஆட்கள். பறக்கும் ஆம்புலன்ஸ் என்று பெயர். சண்டை நடக்கும்போதே உள்ளே புகுந்து அடிபட்டவனைத் தூக்கி வந்தார்கள்.

அதைவிட முக்கியம், அவர் போட்ட இன்னொரு விதி. யாருக்கு முதலில் சிகிச்சை? தளபதிக்கா, சிப்பாய்க்கா? நம் ஆளா, எதிரி ஆளா? ம்ஹும். யாருக்குக் காயம் ஆபத்தானதோ அவனுக்கு முதலில். பதவி, பட்டம் எதுவும் செல்லாது. இந்தத் தரம் பிரிக்கிற வேலைக்குப் பின்னாளில் ட்ரியாஜ் என்று பெயர் வந்தது. தரம் பிரிப்பதைக் குறிக்கும் ஃபிரெஞ்சுச் சொல்.

நெப்போலியன் சாகும்போது தன் உயிலில் லாரேவுக்கு 1 லட்சம் ஃபிராங்க் எழுதி வைத்தார். தான் அறிந்தவர்களிலேயே மிகவும் ஒழுக்கமான மனிதர் என்று சான்றிதழும் கொடுத்தார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். லாரேயின் ஏற்பாட்டில் தரம் பிரிப்பவர் டாக்டர். அடிபட்டுக் கிடக்கிறவன் இல்லை. 'உன் காயம் பெரிசா, சின்னதா? நீயே முடிவு பண்ணிச் சரியான வரிசையில் வந்து நில்லு' என்று சிப்பாயிடம் யாரும் சொல்லவில்லை.

இருநூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து, ராத்திரி 11 மணிக்கு நம் அண்ணாச்சி மகளிடம் அதைத்தான் சொல்கிறார்கள். எப்படி இந்த நிலைமை வந்தது?

*

ஒரு காலத்தில் அமெரிக்காவில் எந்தக் கதவு என்கிற கேள்வியே கிடையாது. ஏனென்றால் நோயாளி எங்கும் போகவேண்டாம். டாக்டர் வீட்டுக்கு வருவார். கையில் தோல்பை, தலையில் தொப்பி. வாசலில் அவர் வண்டி நின்றால் யாருக்கோ காய்ச்சல் என்று தெருவுக்கே தெரியும்.

1930 வாக்கில் அந்த நாட்டில் டாக்டரும் நோயாளியும் சந்தித்துக்கொண்டதில் சுமார் 40 சதவிகிதம் நோயாளியின் வீட்டில்தான் நடந்தது. 1950ல் அது 10 சதவிகிதம். 1980ல் 1 சதவிகிதம்கூடத் தேறவில்லை.

ஐம்பது வருஷத்தில் எங்கே போனார் அந்தத் தோல்பை டாக்டர்?

எங்கும் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மருத்துவம் பெரிசாக வளர்ந்தது. எக்ஸ்ரே, லேப், ஆபரேஷன் தியேட்டர். இதையெல்லாம் தோல்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. 1946ல் ஹில் - பர்ட்டன் சட்டம் என்று ஒன்று வந்து, ஊர் ஊராக ஆஸ்பத்திரி கட்ட அரசாங்கம் பணம் கொடுத்தது. முதலாளிகள் தொழிலாளர்களுக்கு எடுத்துக் கொடுத்த காப்பீடும் ஆஸ்பத்திரிச் செலவைத்தான் பிரதானமாக ஏற்றுக்கொண்டது. டாக்டர்களும் பொதுவைத்தியத்தை விட்டு இதயம், எலும்பு, கண் என்று பிரிந்து போனார்கள். வருமானமும் அங்கேதான். கௌரவமும் அங்கேதான்.

சரி, டாக்டர் போய்விட்டார். நோய் போகுமா? ராத்திரி 2 மணிக்குக் குழந்தைக்கு இழுத்துக்கொண்டால்? ஞாயிற்றுக்கிழமை கை உடைந்தால்?

ஜனங்கள் திறந்திருக்கிற ஒரே கதவைத் தேடிப்போனார்கள். ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி ரூம்.

பெயரைப் பாருங்கள். ரூம். நிஜமாகவே அது ஒரு அறைதான். பல ஊர்களில் அங்கே முழுநேர டாக்டர் கிடையாது. நர்ஸ் இருப்பார். தேவைப்பட்டால் மணியடித்து யாரையாவது கூப்பிடுவார். வருகிறவர் படிப்பு முடித்தும் முடிக்காத பயிற்சி டாக்டராக இருக்கலாம். அல்லது அன்றைக்கு முறை வந்த தோல் டாக்டராக இருக்கலாம். மாரடைப்போடு போகிறவரைத் தோல் டாக்டர் பார்ப்பார். அவர் மேல் தப்பில்லை. முறை அப்படி.

1961ல் வர்ஜீனியா மாநிலம் அலெக்ஸாண்ட்ரியா என்கிற ஊரில் ஜேம்ஸ் மில்ஸ் என்கிற டாக்டர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சொந்த கிளினிக்கை மூடிவிட்டு, இன்னும் மூன்று டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு, 'இனிமேல் எங்களுக்கு எமர்ஜென்சி ரூம்தான் முழுநேரத் தொழில்' என்று அறிவித்தார். நாலு பேர் முறை வைத்துக்கொண்டு 24 மணி நேரமும் பார்த்தார்கள். அலெக்ஸாண்ட்ரியா திட்டம் என்றே அதற்குப் பெயர். மற்ற ஊர்களும் காப்பியடித்தன.

1966ல் அந்த நாட்டின் தேசிய அறிவியல் அகாதமி ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்துச் சாவுகளைப் பற்றியது. முந்தைய வருஷம் மட்டும் விபத்துகளில் 1,07,000 பேர் செத்திருந்தார்கள். சாலையில் கிடப்பவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார் என்று விசாரித்திருந்தார்கள். நாட்டில் பாதி ஆம்புலன்ஸ்களை நடத்தியது, சவ அடக்கம் செய்து கொடுக்கிற 12,000 நிறுவனங்கள். காரணம் எளிமையானது. மனிதனைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற நீளத்துக்கு அவர்களிடம்தான் வண்டி இருந்தது. பிழைத்தால் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் இடுகாடு. வண்டி ஒன்றுதான்.

அந்த அறிக்கைக்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. 1968 பிப்ரவரி 16ம் தேதி அலபாமா மாநிலத்தில் ஹேலிவில் என்கிற சின்ன ஊரில் முதல் 911 அழைப்பு பேசப்பட்டது. அதே வருஷம் எமர்ஜென்சி டாக்டர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். 1970ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் இதற்கென்று தனி மேற்பயிற்சி ஆரம்பித்தது. 1979ல் இது தனி மருத்துவத் துறை என்று அங்கீகாரம் கிடைத்தது.

மூன்றாவது கதவு இப்படித்தான் முழுசாக நிமிர்ந்து நின்றது.

*

முதல் கதவு? குடும்ப டாக்டர் அப்படியே அழிந்துபோகவில்லை. 1969ல் குடும்ப மருத்துவத்தையும் தனித் துறையாக அங்கீகரித்து அதற்கு உயிர் கொடுத்தார்கள். ஆனால் நாலே வருஷத்தில் அவர் தலையில் இன்னொரு வேலையும் வந்து உட்கார்ந்தது. வாட்ச்மேன் வேலை.

1973ல் அதிபர் நிக்ஸன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஹெச்.எம்.ஓ. என்கிற புதுவகைக் காப்பீட்டு நிறுவனங்களை வளர்க்கிற சட்டம். செலவைக் குறைப்பது நோக்கம். பல ஹெச்.எம்.ஓ.க்களின் விதி இது: எதற்கும் முதலில் குடும்ப டாக்டரிடம் போ. அவர் சீட்டு கொடுத்தால்தான் பெரிய டாக்டர். எமர்ஜென்சி ரூம் போவதற்குக்கூட முதலில் போன் போட்டு அனுமதி வாங்கு.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, போனையும் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்!

அனுமதி வாங்காமல் ஓடிப்போய், கடைசியில் அது வெறும் அஜீரணம் என்று தெரிந்தால்? 'இது எமர்ஜென்சியே இல்லையே' என்று பில்லைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோரைப் பார்த்து, நீ ஆடியிருக்கவே கூடாது என்று சொல்கிற மாதிரி.

இந்த இடைவெளியில்தான் இரண்டாவது கதவு முளைத்தது. 1970களில் சில டாக்டர்கள் கடைத்தெருவில் இடம் பிடித்தார்கள். முன்பதிவு வேண்டாம், நேராக வரலாம், சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் உண்டு என்று போர்டு மாட்டினார்கள். சுளுக்கு, வெட்டுக்காயம், காய்ச்சல், தொண்டைவலி. தையல் போடுவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். இதுதான் அர்ஜென்ட் கேர். மற்ற டாக்டர்கள் இளக்காரமாகப் பார்த்தார்கள். டாக் இன் எ பாக்ஸ் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பெட்டிக்கடை டாக்டர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. இன்றைக்கு அந்த நாட்டில் 10,000க்கும் மேற்பட்ட பெட்டிக்கடைகள்.

*

1980களில் இன்னொரு கொடுமையும் நடந்தது. காப்பீடு இல்லாத நோயாளி எமர்ஜென்சி ரூமுக்கு வந்தால், தனியார் ஆஸ்பத்திரிகள் சில அவரை அப்படியே ஆம்புலன்சில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். குப்பை கொட்டுகிற மாதிரி. அந்தச் செய்கைக்கு ஆங்கிலத்தில் கிடைத்த பெயரும் கொட்டுதல் என்கிற பொருளில்தான்.

சிகாகோவின் குக் கவுன்டி என்கிற அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள் அப்படி வந்திறங்கிய 467 பேரைக் கணக்கெடுத்து 1986ல் வெளியிட்டார்கள். அனுப்பியதற்குச் சொன்ன காரணத்தில் 87 சதவிகிதம், காப்பீடு இல்லை. அனுப்பப்பட்டபோது நாலில் ஒருவர் நிலையற்ற ஆபத்தான கட்டத்தில் இருந்திருக்கிறார்.

அதே 1986ல் சட்டம் வந்தது. எம்டாலா என்று சுருக்கமாகச் சொல்வார்கள். எமர்ஜென்சி பிரிவு வைத்துக்கொண்டு, அரசாங்கத்தின் மெடிகேர் பணமும் வாங்குகிற ஆஸ்பத்திரி, கிட்டத்தட்ட எல்லா ஆஸ்பத்திரியும்தான், வாசலுக்கு வந்த யாரையும் பரிசோதிக்காமல் அனுப்பக்கூடாது. ஆபத்து என்றால் நிலைப்படுத்தியே ஆகவேண்டும். காப்பீடு உண்டா, கையில் காசு உண்டா, அந்த நாட்டுப் பிரஜையா, விசிட்டர் விசாவில் வந்தவரா என்பதெல்லாம் சிகிச்சைக்குத் தடை இல்லை.

இலவசம் என்று அர்த்தம் இல்லை. பில் பின்னாலேயே வரும். ஆனால் முதலில் உயிர், பிறகு பில். லாரேயின் விதி சட்டப்புத்தகத்தில் ஏறிவிட்டது.

சரி, காப்பீட்டு நிறுவனத்தின் அட்டகாசம்? அதற்கும் ஒரு பதில் வந்தது. அழகான பதில். 1997ல் முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டங்களுக்கு விதியாயிற்று. 2010ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தில் பெரும்பாலான தனியார் காப்பீடுகளுக்கும் விரிந்தது.

அந்த விதியில் ஒரு கற்பனை மனிதர் வருகிறார். உடம்பையும் மருத்துவத்தையும் பற்றிச் சராசரி ஞானம் உள்ள, நிதானமான சாதாரண ஆள். டாக்டர் இல்லை. அப்படி ஒருவர் அந்த அறிகுறியைப் பார்த்து, 'உடனே போகாவிட்டால் ஏதாவது விபரீதம் ஆகிவிடும்' என்று நியாயமாக நினைப்பாரா? நினைப்பார் என்றால் அது எமர்ஜென்சிதான். கடைசியில் வாயு என்று தெரிந்தாலும் எமர்ஜென்சிதான். காப்பீட்டு நிறுவனம் முடிவைப் பார்க்கக்கூடாது. ஆரம்பத்தைப் பார்க்கவேண்டும்.

அதற்குப் பிறகும் சும்மா இருந்தார்களா என்றால், இல்லை. 2017ல் ஒரு பெரிய நிறுவனம் சில மாநிலங்களில் பழையபடி நோயின் பெயரைப் பார்த்து மறுக்க ஆரம்பித்தது. டாக்டர்கள் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2021ல் இன்னொரு நிறுவனம் அதே மாதிரி அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் தள்ளிப்போட்டது. பணம் இருக்கிற இடத்தில் இந்த இழுபறி ஓயாது.

*

நிறுவனங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். வருஷத்துக்குக் கோடிக்கணக்கான பேர் எமர்ஜென்சி ரூமுக்குப் போகிறார்கள். 2021ல் மட்டும் சுமார் 14 கோடித் தடவை. இதில் சளிக்கும் சுளுக்குக்கும் போகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களை வடிகட்டினால் என்ன தப்பு?

2013ல் நான்கு ஆய்வாளர்கள் இதைத்தான் நோண்டிப் பார்த்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய நோயின் பெயரை வைத்துப் பார்த்தால், குடும்ப டாக்டரே பார்த்திருக்கலாம் என்று சொல்லத்தக்கவர்கள் வெறும் 6.3 சதவிகிதம்.

இனிமேல்தான் விஷயம். அந்த 6.3 சதவிகிதத்தினர் உள்ளே நுழையும்போது என்ன சொல்லிக்கொண்டு வந்தார்கள்? நெஞ்சு வலிக்கிறது, வயிறு வலிக்கிறது, தலை சுற்றுகிறது. அதே தொந்தரவுகளைத்தான் மொத்தக் கூட்டத்தில் 88.7 சதவிகிதம் பேரும் சொல்லியிருக்கிறார்கள்! அப்படிச் சொன்னவர்களில் எட்டில் ஒருவரை உடனே வார்டில் சேர்க்க வேண்டியிருந்தது. சிலர் நேரே ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிருக்கிறார்கள்.

புரிகிறதா? வாயுவும் மாரடைப்பும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் வாசலில் வந்து நிற்கின்றன. எது எது என்று இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் வந்து சொல்லும்வரை டாக்டருக்கே தெரியாது. படுக்கையில் உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிக்கு எப்படித் தெரியும்?

ஆக, 'இது என்ன நோய்?' என்று கேட்டுக் கதவைத் தேடாதீர்கள். அது உங்கள் வேலையே இல்லை. உங்கள் வேலை வேறு ஒரு கேள்வி கேட்பது. 'இது மோசமான பக்கமாக இருந்துவிட்டால், விடியும்வரை தாங்குமா?'

தாங்காது என்றால் மூன்றாவது கதவு. நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல். வாய் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது. திடீரென்று வாழ்நாளில் பார்க்காத தலைவலி. நினைவு தப்புவது. நிற்காத ரத்தம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரியைத் தொட்ட ஜுரம். இதற்கெல்லாம் மாப்பிள்ளை காரை எடுக்கவேண்டாம். 911. ஆம்புலன்சில் வருகிறவர்கள் வழியிலேயே வைத்தியத்தை ஆரம்பித்துவிடுவார்கள். போகிற ஆஸ்பத்திரிக்கும் தகவல் சொல்லிவிடுவார்கள். மூளையில் ரத்தக்குழாய் அடைத்தால் கட்டியைக் கரைக்கிற ஊசி 1996ல் அங்கீகாரம் பெற்றது. அதற்கு அப்போது கொடுத்த கெடு மூன்று மணி நேரம். இப்போது பலருக்கு நாலரை மணி வரை தருகிறார்கள். தூங்கி எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு தாண்டிவிடும்.

தாங்கும், ஆனால் இரண்டு நாள் பொறுக்காது என்றால் இரண்டாவது கதவு. சுளுக்கு, தையல் போடுகிற அளவு வெட்டு, காதுவலி, சிறுநீர்க் கடுப்பு, சாதாரண ஜுரம். அர்ஜென்ட் கேரில் ஆபரேஷன் தியேட்டர் கிடையாது, தீவிர சிகிச்சைப் பிரிவு கிடையாது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள். நெஞ்சுவலியோடு அங்கே போனால் அவர்களும் 911ஐத்தான் கூப்பிடுவார்கள். அரைமணி நேரம் நஷ்டம்.

பிரஷர், சர்க்கரை, மாத்திரை மாற்றுவது, ஆறு மாசமாக வந்துவந்து போகிற முதுகுவலி, இதெல்லாம் முதல் கதவு. உங்கள் பழைய கதை தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

போர்டையும் ஒருதடவை உற்றுப் பாருங்கள். டெக்ஸாஸ் போன்ற சில மாநிலங்களில் ஆஸ்பத்திரி இல்லாமல் தனியாக நிற்கிற எமர்ஜென்சி ரூம்கள் உண்டு. பார்வைக்கு அர்ஜென்ட் கேர் மாதிரியே கடைத்தெருவில் இருக்கும். பில் மட்டும் எமர்ஜென்சி பில். சுளுக்குக்குப் போனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

எமர்ஜென்சி ரூமில் உங்களை உட்காரவைத்துவிட்டு, பிறகு வந்தவரை முதலில் கூப்பிட்டால் கோபப்படாதீர்கள். வாசலில் இருக்கிற நர்ஸ் வருகிறவர்களை ஐந்து படியாகத் தரம் பிரிக்கிறார். லாரே செய்த அதே வேலை. காக்க வைத்தால், உங்களுக்கு ஆபத்து குறைவு என்று அவர் நினைக்கிறார் என்று அர்த்தம். காத்திருக்கும்போது வலி கூடினால் மட்டும் எழுந்து போய்ச் சொல்லுங்கள்.

*

அண்ணாச்சிக்கு வருகிறேன்.

மகள் அதிகம் யோசிக்கவில்லை. அப்பாவின் வேர்வையைப் பார்த்தாள். சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு சுருக்கென்று வலிக்காமல், அஜீரணம் மாதிரியே வந்து ஏமாற்றும் என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அது நிஜமும்கூட. 'அப்பா, நீங்க சும்மா இருங்கப்பா' என்றுவிட்டு 911ஐ அழுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்தார்கள். விடியற்காலையில் ஓர் இளம் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். இதயம் நன்றாக இருக்கிறது. வெறும் வாயுத் தொந்தரவு.

உருளைக்கிழங்கு போண்டா.

பில் நாலு இலக்க டாலரில் வந்தது. ஊரிலிருந்து கிளம்பும்போது எடுத்த பயணக் காப்பீடு பாதியைக்கூடத் தரவில்லை. அந்தச் சாதாரண மனிதர் விதியெல்லாம் அமெரிக்கர்களின் வழக்கமான காப்பீட்டுக்கு. விசிட்டர்களுக்கு விற்கிற பாலிசிகள் வேறு ஜாதி. பழைய நோய்க்கு உண்டா, ஒரு எமர்ஜென்சி விசிட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். விமான நிலையத்தில் வைத்துப் படித்தால் பிரயோஜனம் இல்லை.

ஊர் திரும்பியதும் அண்ணாச்சி என்னைப் பார்க்க வந்தார். முகம் தொங்கிக் கிடந்தது.

'என்ன தம்பி இது? ஒரு ஏப்பத்துக்கு இம்புட்டு ரூவாயா? நான் அப்பமே சொன்னேன், வாயுன்னு. பிள்ளை கேக்கல. வீணாப் போச்சு.'

நான் காமர்ஸ்காரன். அவர் பாங்க்காரர். அதனால் எங்கள் பாஷையிலேயே கேட்டேன். 'அண்ணாச்சி, முப்பது வருஷம் பாங்குல இருந்தீங்க. வாசல்ல ராத்திரி காவலுக்கு ஆள் போட்டு சம்பளம் குடுத்தீங்க. ஒருநாள்கூடத் திருடன் வரல. அந்தச் சம்பளம் வீணா?'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

'இல்ல' என்றார்.

பிறகு மெதுவாக இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கு ஆம்புலன்சில் ஏற்றும்போது மகள் அவர் கையை விடவே இல்லையாம். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் வாயு என்று சொன்னதும், அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாளாம்.

'அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டு ஜெலுசில் குடுத்துட்டுப் படுத்திருந்தா, வாயுவாவே இருந்திருந்தாலும் பிள்ளை விடியவிடியத் தூங்கியிருக்க மாட்டா தம்பி.'

அடுத்த வருஷமும் அமெரிக்கா போகிறார். இந்தமுறை பாலிசியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, பொடி எழுத்தையெல்லாம் படித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கிறேன்.

போண்டாவைப் பற்றி அதில் ஒன்றும் போடவில்லை.